முதல்ல பேப்பர், அப்புறம்தான் கோடிங்: வாழவந்தியில டெஸ்ட் பண்ண ஒரு காப்பித் தோட்ட கேம்

இன்னைக்கு எபிசோடு வீடியோ கேம் பத்தினது, ஆனா லேப்டாப்பைத் திறக்கப் போறதில்லை. சார்ட் பேப்பர், கத்தரிக்கோல், சட்டை பட்டன், புளியங்கொட்டை. இவ்வளவுதான் நம்ம டூல்ஸ். ஒரு கேம் ஐடியாவுக்குப் பேப்பர் புரோட்டோடைப் எப்படிப் பண்றது, யார்கிட்ட கொடுத்து டெஸ்ட் பண்றது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, இதெல்லாம் பேசப்போறோம்.

முதல்ல எங்க நிலைமையைச் சொல்லிடறேன். நானும் என் காலேஜ் தோழி ஒருத்தியும் சேர்ந்து ஒரு கேம் பண்ணலாம்னு இருக்கோம். நான் கோடிங், அவ டிராயிங். ஏற்காடு மலையில ஒரு சின்ன காப்பித் தோட்டத்தை ஒரு வருஷம் நடத்தணும், அதுதான் ஐடியா. பனிமூட்டம் வரும், மழை வரும், காட்டெருமை வரும். அவ வரைஞ்ச ரெண்டு படத்தைப் பார்த்தவங்க எல்லாரும் "செம"ன்னு சொன்னாங்க. அப்படியே பேசிப் பேசி, ரெண்டு பேரும் வேலையை விட்டுட்டு ஆறு மாசம் முழு நேரமா இதுல உட்காரலாமாங்கிற வரைக்கும் வந்துட்டோம்.

அவளுக்குத் தங்கச்சி படிப்புச் செலவு இருக்கு. எனக்கு ஒரு லோன் ஓடிட்டிருக்கு. ரெண்டு பேர் சேமிப்பையும் சேர்த்தா கரெக்டா ஆறு மாசம் தாங்கும், ஏழாவது மாசம் தாங்காது. அதனால எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம். மூணு வாரம், வார இறுதியில மட்டும், பேப்பர்ல பண்ணிப் பார்ப்போம். இதுக்குள்ள நிஜமாவே ஒரு கேம் இருக்குன்னு தெரிஞ்சாதான் ரிசைன் பத்திப் பேச்சே.

ஏன் பேப்பர்? நிறைய பேர் கேட்கிற கேள்வி இது. யூனிட்டி இருக்கு, கோடோட் ஃப்ரீயாவே கிடைக்குது, ரெண்டு நாள்ல ஏதாவது ஒண்ணு ஓட வச்சிடலாமேன்னு கேட்பாங்க. ஓட வச்சிடலாம். ஆனா கோடிங்ல ஒரு ரூலை மாத்த அரை நாள் ஆகும்போது, அந்த ரூல் மேல நமக்கு ஒரு பாசம் வந்துடும். பேப்பர்ல ஒரு ரூலை மாத்த ரப்பர் போதும். ஒரே சாயங்காலத்துல நாலு தடவை கேமையே மாத்தலாம், யாருக்கும் வலிக்காது.

இது ஏதோ காலேஜ் புராஜெக்ட் வேலைன்னு நினைச்சுடாதீங்க. ஹார்த்ஸ்டோன் கேம் 2014ல வந்துச்சு, உலகம் பூரா கோடிக்கணக்கான பேர் ஆடினாங்க. பிளிஸார்ட் நிறுவனத்துல அதுக்கு ஒரு சின்ன டீம் போட்டிருந்தாங்க. வேலை ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே அந்த டீம்ல பெரும்பாலானவங்களை ஸ்டார்கிராஃப்ட் 2 வேலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எரிக் டாட்ஸ், பென் பிரோட்னு ரெண்டு டிசைனர்கள் மிச்சம். அவங்க என்ன பண்ணாங்க? பேப்பரை வெட்டி, கார்டு எழுதி, ஆடிப் பார்த்து, கிழிச்சுப் போட்டு, திரும்ப எழுதி, இப்படியே மாசக்கணக்குல போச்சு. டீம் திரும்பி வர்றப்போ, கேமோட அடிப்படை தயாரா இருந்துச்சு.

அது கார்டு கேம், அதுக்குச் சரி, ஆக்ஷன் கேமுக்கு எப்படின்னு கேட்கலாம். டிரேசி ஃபுல்லர்டன் எழுதின கேம் டிசைன் வொர்க்ஷாப்னு ஒரு புத்தகம் இருக்கு, முதல் பதிப்பு 2004ல வந்தது. கேம் டிசைன் படிக்கிறவங்க நிறைய பேர் கையில இருக்கும். அதுல துப்பாக்கி சுடுற கேமுக்கே அறுகோணக் கட்டம் போட்டு பேப்பர்ல புரோட்டோடைப் பண்ணிக் காட்டியிருப்பாங்க.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம்ம ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கோங்க. திண்ணையில கரியால கோடு போட்டு, 3 பெரிய கல்லு புலி, 15 சின்னக் கல்லு ஆடு. கோடு ஒரு தடவை போட்டுட்டா காசே செலவில்லை. ஒரு ஊர்ல ஒரு மாதிரி, இன்னொரு ஊர்ல இன்னொரு மாதிரி ஆடுவாங்க. நேபாளத்துல இதோட உறவுக்கார ஆட்டம் ஒண்ணு, பேரு பாக் சால். அங்க 4 புலி, 20 ஆடு. இந்த எண்ணிக்கையெல்லாம் யாரோ ஒருத்தர் ஆபீஸ்ல உட்கார்ந்து முடிவு பண்ணதா இருக்காது. ஆடிப் பார்த்து, புலியே ஜெயிக்குது, ஆடே ஜெயிக்குதுன்னு தெரிஞ்சு, கல்லைக் கூட்டிக் குறைச்சு வந்திருக்கும்னு நான் நினைக்கிறேன். புலிக்கு ஒரு ரூல், ஆட்டுக்கு வேற ரூல், ஆனாலும் ஆட்டம் சமமா இருக்கு. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

சரி, எங்க கேமுக்கு வருவோம். ஒரு வருஷத்துல தோட்டத்துல எத்தனையோ வேலை. காப்பி பூக்கிறதுக்கு மார்ச், ஏப்ரல்ல ஒரு மழை பெய்யணும். நிழல் மரத்துக் கிளையைக் கழிக்கணும். சில்வர் ஓக் மரத்துல ஏத்தின மிளகைப் பார்க்கணும். எல்லாத்தையும் ஒரே பேப்பர்ல கொண்டு வர முடியாது, கொண்டு வரவும் கூடாது. பேப்பர் புரோட்டோடைப்புக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கணும். நாங்க எடுத்த கேள்வி: பழம் பறிக்கிற சீசன் ஆடுறதுக்கு நல்லா இருக்குமா?

காரணம் இருக்கு. அரபிகா காப்பியில ஒரே கிளையில இருக்கிற பழமெல்லாம் ஒரே நாள்ல பழுக்காது. சிவந்ததை மட்டும் பார்த்துப் பறிக்கணும், ரெண்டு மூணு சுத்து வரணும். சீக்கிரம் பறிச்சா காய், லேட்டா பறிச்சா செடியிலேயே காய்ஞ்சுடும். கையில இருக்கிற ஆள் கம்மி, பழம் நிறைய. கேமுக்கு இதைவிட நல்ல சிக்கல் கிடைக்குமா?

முதல் வெர்ஷன் இப்படி. சார்ட் பேப்பர்ல 4க்கு 4, மொத்தம் 16 கட்டம். ஒவ்வொரு கட்டமும் தோட்டத்துல ஒரு பகுதி. ஒவ்வொண்ணுலயும் மூணு பட்டன். பச்சைன்னா காய், சிவப்புன்னா பழம், கறுப்புன்னா காய்ஞ்சது. ஆறு புளியங்கொட்டை, அதுதான் பழம் பறிக்கிற ஆறு பேர். ஒரு டர்ன்னா ஒரு வாரம். வார ஆரம்பத்துல ஒரு கார்டு எடுத்தா, எந்த வரிசையில எத்தனை பட்டன் கலர் மாறுதுன்னு அது சொல்லும். அப்புறம் கொட்டைகளைக் கட்டத்துல வைக்கணும். வச்ச இடத்துல சிவப்பை மட்டும் எடுக்கலாம், இல்ல மொத்தமா உருவிடலாம். சிவப்பை மட்டும் எடுத்தா மார்க் அதிகம், உருவினா வேலை சீக்கிரம் முடியும். எட்டு வாரத்துல ஆட்டம் முடிஞ்சுது.

பனிமூட்டத்துக்கு என்ன பண்றது? பேக்கரியில கேக் வைக்கிற பட்டர் பேப்பர் வாங்கி, துண்டு துண்டா வெட்டி கட்டங்கள் மேல போட்டோம். உள்ள ஏதோ கலர் மங்கலாத் தெரியும், சரியாத் தெரியாது. ஆள் அனுப்பினாதான் பேப்பரை எடுத்துப் பார்க்கலாம். ஸ்கிரீன்ல ஷேடர் எழுதி ரெண்டு வாரம் பண்ணியிருப்பேன். இங்க பத்து ரூபாய்ல முடிஞ்சுது. காட்டெருமைக்கு ஒரு பெரிய கோட்டு பட்டன். தாயக்கட்டை உருட்டி, விழுற எண்ணைப் பொறுத்து ஏதோ ஒரு வரிசைக்குள்ள நுழையும், அந்த வரிசையில பட்டன் எல்லாம் கீழே.

டெஸ்ட் பண்றதுக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல தனியா நீங்களே ஆடணும். ரூல்ல ஓட்டை இருந்தா அங்கேயே தெரியும். அடுத்து கூட வேலை பண்றவங்க. மூணாவது நண்பர்கள். இந்த மூணாவது ஸ்டேஜ்ல கவனமா இருக்கணும், ஏன்னா நண்பர்கள் நல்லவங்க. "சூப்பர் மச்சி"ன்னு சொல்லிட்டு பிரியாணி சாப்பிடப் போயிடுவாங்க. அதனால அவங்க வாயைக் கவனிக்கக் கூடாது, கையைக் கவனிக்கணும். கொட்டையை எடுத்து வைக்கப் போற கை எங்கேயாவது ஒரு நொடி அந்தரத்துல நிக்குதா? இங்க வைக்கலாமா, அங்க வைக்கலாமான்னு திரும்புதா? அப்படி நின்னா அங்க ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கு, அதாவது அங்க கேம் இருக்குன்னு அர்த்தம். கை நிக்காம சரசரன்னு வச்சுட்டே போனா, அது கேம் இல்ல, டேட்டா என்ட்ரி.

நாங்க ஒரு நோட்டுல கை நிக்கிற இடத்தை மட்டும் குறிச்சோம். முதல் வெர்ஷன்ல ஒரு ஆட்டம் முழுக்க விரல் விட்டு எண்ணிடலாம். அதுவும் எல்லாமே சிவப்பை மட்டும் எடுக்கிறதா, உருவுறதாங்கிற இடத்துலதான். காட்டெருமை வந்தப்போ ஒரு கைகூட நிக்கலை. எங்க ரெண்டு பேருக்கும் ரொம்பப் பிடிச்ச பகுதி அதுதான்.

நாலாவது ஸ்டேஜ், விஷயம் தெரிஞ்சவங்க. தோழியோட அம்மா ஊரு வாழவந்தி, ஏற்காடு தாலுகாவுல இருக்கு. அவளோட மாமாவுக்கு அங்க ரெண்டு ஏக்கர் காப்பி. டிசம்பர் மாசம், பழம் பறிக்கிற நேரம். சேலத்துல பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி, சார்ட் பேப்பரைச் சுருட்டிக் கையில பிடிச்சுட்டுப் போனோம். அந்த மலையில காப்பி 1820கள்ல இருந்து இருக்கு, சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டு வந்தது. ரெண்டு நூற்றாண்டு பழக்கம் இருக்கிற ஊர்ல நாங்க பட்டன் டப்பாவோட போய் உட்கார்ந்தோம்.

மாமா வீடியோ கேம் ஆடினதே இல்லை. பேப்பரைப் பார்த்ததும், "இது என்ன, தாயமா?"ன்னு கேட்டார். "அந்த மாதிரிதான் மாமா"ன்னு சொல்லி ஆரம்பிச்சோம். ரெண்டாவது வாரம் காட்டெருமை கார்டு வந்துச்சு. நான் தாயக்கட்டையை நீட்டினேன். வாங்கவே இல்லை. "ஏன் தம்பி, மாடு தாயம் உருட்டிட்டா வரும்? அதுக்கு ஒரு தடம் இருக்கு. கீழ தண்ணிக்கு இறங்கும், திரும்ப அதே வழியா ஏறும். குறுக்க ஆள் நின்னாதான் வழி மாறும், அப்பதான் வம்பு"ன்னார். பென்சிலை வாங்கி, சார்ட் ஓரத்துல ஒரு ஓடை வரைஞ்சார். அங்க இருந்து மேல வரைக்கும் கோணலா ஒரு கோடு. "இதான் தடம்"னார்.

அங்கேயே ரூலை மாத்தினோம். தாயக்கட்டை அவுட். காட்டெருமை எல்லாருக்கும் தெரியுற மாதிரி தடத்துல ஒவ்வொரு வாரமும் ரெண்டு கட்டம் நகரும். பனி இருந்தா மட்டும் எங்க இருக்குன்னு தெரியாது. அந்த நேரத்துல தோழி ஒரு நோட்டை மறைச்சு வச்சு, அது எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு ரகசியமாக் குறிச்சுப்பா. அதாவது அவதான் கம்ப்யூட்டர். இப்ப திரும்ப ஆடினோம். தடத்துப் பக்கத்துல ஒரு கட்டம் முழுக்கச் சிவப்பு, மேல பட்டர் பேப்பர். மாமா கை அப்படியே நின்னுச்சு. ஆள் அனுப்பலாமா, பனி விலகட்டும்னு ஒரு வாரம் விடலாமா? விட்டா பழம் காய்ஞ்சுடும். நோட்டுல பெருசா ஒரு டிக் போட்டேன்.

அன்னைக்கு சனிக்கிழமை. தோட்டத்துல பழம் பறிக்கிற ஒரு அக்கா வாரச் சம்பளம் வாங்க வந்திருந்தாங்க. நின்னு பார்த்துட்டே இருந்தாங்க. மாமா அவங்களையும் உட்கார வச்சார். அவங்க ஒரு கொட்டையைக் கையில எடுத்து, "இது யாரு?"ன்னு கேட்டாங்க. பழம் பறிக்கிறவங்கன்னு சொன்னேன். "அப்ப இது நானா?"ன்னு சிரிச்சாங்க. அப்புறம் ஆறு கொட்டையில ரெண்டை எடுத்து பேப்பருக்கு வெளியில வச்சாங்க. "இவங்க ரெண்டு பேரும் இந்த வாரம் வரலை."

ஏன்னு கேட்டோம். "போன வாரம் காயா இருந்த பக்கம் அனுப்பிட்டாரு. பறிச்ச எடைக்குத்தானே கூலி? ஒண்ணும் தேறலை. இவங்க பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிட்டாங்க." மாமாவுக்குச் சிரிப்பும் வரலை, கோபமும் வரலை. கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துட்டு, "நியாயம்தான்"னார்.

மக்களே, இந்த இடத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்லணும்னு நினைச்சேன். அந்த அக்கா எங்ககிட்ட அனுமதி கேட்கலை, ஃபீட்பேக் ஃபார்ம் நிரப்பலை. கொட்டையை எடுத்து வெளியில வச்சாங்க, ரூல் மாறிடுச்சு. இதையே அழகா வரைஞ்ச படத்தோட, மியூசிக்கோட ஒரு டேப்லெட்ல கொடுத்திருந்தா என்ன நடந்திருக்கும்? "நல்லா இருக்கு தம்பி"ன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்திருப்பாங்க. முடிஞ்சு போன மாதிரி இருக்கிற ஒரு பொருளை யாரும் திருத்த மாட்டாங்க. அழுக்கு சார்ட் பேப்பரும் பட்டனும் இன்னும் முடியலைன்னு தானே சொல்லிடுது. யாரு வேணா கை வைக்கலாம். நம்ம சொந்த வாழ்க்கை இல்லாத ஒரு இடத்தைப் பத்தி கேம் பண்ணும்போது, அந்த இடத்துக்காரங்க கை வைக்க முடியுறது ரொம்ப முக்கியம்.

அதுக்கப்புறம் கேம் வேற மாதிரி ஆகிடுச்சு. இப்ப இது ரெண்டு பேர் ஆடுற ஆட்டம். ஒருத்தர் தோட்டக்காரர், இன்னொருத்தர் பழம் பறிக்கிற குழு. தோட்டக்காரருக்கு எட்டாவது வாரம் முடிவுல நல்ல பழம் வேணும். குழுவுக்கு ஒவ்வொரு வாரமும் கூலி வேணும், காட்டெருமைகிட்ட மாட்டாம இருக்கணும். யாருக்கும் யாரும் எதிரி இல்லை, ஆனா ரெண்டு பேர் கணக்கும் ஒண்ணு இல்லை. ஆடுபுலி ஆட்டம் ஞாபகம் இருக்கா? ரெண்டு பக்கத்துக்கும் வேற வேற ரூல். மாமாவும் அக்காவும் எதிர் எதிரே உட்கார்ந்து இதை ஆடினாங்க. அக்கா தோட்டக்காரர், மாமா குழு. அது மாமா ஐடியா. மூணாவது வாரமே மாமா ஒரு கொட்டையை எடுத்து வெளியில வச்சுட்டார்.

இன்னொரு ரூலும் மாமா கொடுத்தது. கீழே சிந்தின பழத்தையும், செடியில விட்ட பழத்தையும் பொறுக்காம விட்டா, காய்த் துளைப்பான் பூச்சி அதுலயே தங்கி அடுத்த வருஷக் காயைத் துளைக்கும். அதனால கறுப்பு பட்டன் இப்ப வெறும் நஷ்டம் இல்லை, அடுத்த சீசனுக்கான கடன். ஒரே ஒரு ரூல், ஆட்டம் ரெண்டாவது வருஷத்துக்கும் நீண்டுடுச்சு.

சரி, பேப்பர் சொல்லாத விஷயமும் இருக்கு, அதையும் தெரிஞ்சுக்கணும். குதிக்கிறது, ஓடுறது, சுடுறது இதெல்லாம் கையில எப்படி இருக்கும்னு பேப்பர் சொல்லாது. சத்தத்தால வர்ற பயத்தைச் சொல்லாது. பனிக்குள்ள காட்டெருமை மூச்சு விடுற சத்தம் கேட்டா எப்படி இருக்கும்? அதுக்கு ஹெட்போன்தான் வேணும். அப்புறம், பேப்பர்ல ஆடும்போது போர் அடிச்சா, அது எந்த மாதிரி போர்னு பிரிச்சுப் பார்க்கணும். பட்டன் திருப்புறது, மார்க் கூட்டுறது இதுல நேரம் போனா பரவாயில்லை, அதை நாளைக்கு கம்ப்யூட்டர் பண்ணிடும். அடுத்து என்ன பண்ணணும்னு முன்னாடியே தெரிஞ்சு போய் போர் அடிச்சா, அதை எந்த கம்ப்யூட்டராலயும் காப்பாத்த முடியாது.

நீங்க பண்ணப் போறீங்கன்னா, சில விஷயம். ஒரு புரோட்டோடைப்புக்கு ஒரு கேள்வி மட்டும், அதை பேப்பர் மூலையிலயே எழுதி வச்சுக்கோங்க. எழுதுறது பென்சில்ல. படம் அழகா வரைய வேண்டாம், வரையத் தெரிஞ்சவங்ககூட வரைய வேண்டாம். என் தோழிக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. ரூலைச் சொல்லிட்டு அப்புறம் வாயை மூடிக்கணும். ஆடுறவங்க தடுமாறினா உடனே உதவாதீங்க, "இப்ப என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?"ன்னு மட்டும் கேளுங்க. ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவுல ஒரே ஒரு ரூலை மாத்துங்க, இல்லைன்னா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாது. பழைய வெர்ஷனைத் தூக்கிப் போடாம போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. முடிஞ்சதும் "பிடிச்சிருந்ததா?"ன்னு கேட்காதீங்க. "எந்த இடத்துல யோசிச்சீங்க?"ன்னு கேளுங்க.

ரிசைன் என்னாச்சுன்னு கேட்பீங்க. மூணு வாரம் முடிஞ்சு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். பழம் பறிக்கிற சீசன் நிக்குது. காட்டெருமைத் தடம் நிக்குது. நாங்க கூடவே யோசிச்சு வச்சிருந்த மார்க்கெட் விலை பகுதி பேப்பர்ல ஒரு தடவைகூட நிக்கலை, எடுத்தாச்சு. ஒரு வருஷம் முழுக்க நடத்துற பெரிய கேம் இல்லை இது, ரெண்டு சீசன், ரெண்டு பேர் ஆடுற சின்ன கேம். சின்ன கேம்னா ஆறு மாசம் வேலையை விட வேண்டிய அவசியம் இல்லை. வார இறுதியில பண்றோம். சேமிப்பு பேங்க்லயே இருக்கு. மொத்தச் செலவு முந்நூறு ரூபாய்க்குள்ள, பஸ் டிக்கெட் தனி.

முதல் பில்ட் ரெடியானதும் வாழவந்திக்குக் கொண்டு போறோம். கூடவே சார்ட் பேப்பரையும் எடுத்துட்டுப் போவோம், ஏன்னா ஸ்கிரீன்ல பார்த்துட்டு அந்த அக்கா ஏதாவது மாத்தணும்னு நினைச்சா, எடுத்து வெளியில வைக்க அவங்களுக்குக் கொட்டை வேணும்.

உங்ககிட்ட ஒரு கேம் ஐடியா இருந்தா, இந்த வாரக் கடைசியில ஒரு சார்ட் வாங்குங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.